ஒரே ஆள், ஒரே மாத்திரை, இரண்டு நாள்

ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்குப் பகல் தூக்கம் பழகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே சாய்ந்தால் போதும், கண்ணுக்குள் வளைகோடுகள் வர ஆரம்பிக்கும். கனவு என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. ஒரு கோடு தரையோடு தரையாகப் போகும், மெல்ல எழும்பும், உச்சிக்குப் போய் ஒரு மூச்சு நிற்கும், அப்புறம் சாய்ந்து சாய்ந்து தரைக்கே வந்துவிடும். மாத்திரை போட்டுக்கொண்ட ஒருவருடைய ரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவதுதான் அந்தக் கோடு. வேலைக்குப் போன நாளெல்லாம் அதையே பார்த்தவளுக்கு வேறு என்ன கனவு வரும், சினிமாவா வரும்?

போன வாரம் அப்படி ஒரு கோடு உச்சியில் நின்ற நேரத்தில் போன் அடித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கம்பெனியிலிருந்து, என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் பேசினாள்.

"மேடம், தூங்கிட்டிருந்தீங்களா?"

"சேச்சே, இல்லம்மா, சொல்லு."

"இப்பல்லாம் சாஃப்ட்வேர்ல நம்பரைப் போட்டா எந்த டிசைன் எடுக்கணும்னு அதுவே சொல்லிடுது மேடம். ஆளுக்கு ரெண்டு தடவை மாத்திரை குடுக்கறதா, நாலு தடவையான்னு. அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படி முடிவு பண்ணீங்க? நம்ம ஆபீஸ் மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

'அந்தக் காலம்' என்றதும் எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் கொரட்டூர் ஏரிப் பக்கத்துக் காற்று ஜன்னலில் வர, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால், ஒரு டிசைனை நான் பாதி மருந்துக்காகவும் பாதி ஒரு நர்ஸுக்காகவும் தேர்ந்தெடுத்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி கண்டுபிடித்த மருந்தை, அதன் உரிமைக் காலம் முடிந்ததும் இன்னொரு கம்பெனி செய்ய வரும். முதலாவதை நாங்கள் ஒரிஜினல் என்போம். புதிது அதே போல ரத்தத்தில் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆரோக்கியமான ஆட்களை, எங்கள் பேச்சில் வாலண்டியர்களை, வரவழைத்து ஒரு தடவை ஒரிஜினல், சில நாள் இடைவெளி விட்டு இன்னொரு தடவை புதிது கொடுப்போம். பாதிப் பேருக்கு இது முதலில், மீதிப் பேருக்கு அது முதலில். ரத்தம் எடுத்து, மருந்தின் அளவைப் பார்த்து, புதியதை ஒரிஜினலால் வகுப்போம். ஒரிஜினல் நூறு என்றால், புதியதின் கணக்கு, அதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் சந்தேக அகலத்தோடு சேர்த்து, எண்பதுக்கும் நூற்றிருபத்தைந்துக்கும் நடுவில் அடங்க வேண்டும். அகலம் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தாலும் ஃபெயில்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புள்ளியியல் படித்துவிட்டு வந்த எனக்கு இதெல்லாம் பிடிபடச் சில வருஷம் ஆயிற்று. அந்த வருஷங்களில் மற்றவர்கள் போட்ட அட்டவணைகளைச் சரிபார்த்தேன், டீ குடித்தேன், லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் தலைமை டாக்டர் வரதன் சார் கோயம்புத்தூர்க்காரர். அவர் அட்டவணை படிக்கும்போது உட்கார மாட்டார். ஜன்னலோரம் நின்று, ஒரு மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குவார். ஸ்கேல் நின்றால் நம் மூச்சும் நிற்கும். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் "மல்லிகா, இதைப் பாரும்மா" என்பார். கோபமான நாளில் "மல்லிகாங்க, இதைக் கொஞ்சம் பாக்கறீங்களாங்க?" என்பார். ஒரு வாக்கியத்தில் எத்தனை 'ங்க' என்று எண்ணிவிட்டுத்தான் நாங்கள் அறைக்குள்ளேயே போவோம்.

கஸ்தூரி எங்கள் வார்டு நர்ஸ். ஆவடி சேக்காட்டிலிருந்து வருவார். மாத்திரை கொடுக்கும் காலைகள் எனக்கு இன்னும் ஏதோ தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரி நினைவிருக்கின்றன. முதல் நாள் சாயங்காலமே வந்து தங்கி, இரவெல்லாம் பட்டினி இருந்த ஆட்கள், ஒரே மாதிரி நீலச் சட்டையில், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். சுவர்க் கடிகாரம் ஏழைத் தொட்டதும் முதல் ஆளுக்கு மாத்திரை, அடுத்த நிமிஷம் அடுத்த ஆளுக்கு. ஒரு டம்ளர் தண்ணீர் அளந்து வைத்திருக்கும், அது முழுக்க உள்ளே போக வேண்டும். உடனே கஸ்தூரி டார்ச்சை அடிப்பார். "ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. இந்தக் கன்னம். அந்தக் கன்னம். கையை விரி." கட்டைக் குச்சியால் கன்னத்தை ஒதுக்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே வரை பார்ப்பார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். மாத்திரையை ஒதுக்கிவைத்துத் துப்பிவிடும் ஆசாமிகள் உண்டு, அதற்காகத்தான் இந்தச் சோதனை.

இனி அந்த மருந்துக்கு வருகிறேன். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்டது. வழக்கம் போல ஆளுக்கு இரண்டு தடவை என்ற டிசைனில் செய்தோம். ஃபெயில்.

நான் தாளைப் பரப்பிப் பார்த்தேன். ஏழுமலை என்ற வாலண்டியரின் கோடு கண்ணில் குத்தியது. புது மாத்திரைக்கு மலை மாதிரி எழுந்திருக்கிறது. ஒரிஜினலுக்கு ஒன்றுமே இல்லை, தரையோடு தரை. ஆகா, கிடைத்துவிட்டான் திருடன் என்று எனக்கு ஒரே குஷி. புள்ளியியல்காரிகளுக்கு இந்த வியாதி உண்டு. கூட்டத்தில் சேராத ஒரு புள்ளியைப் பார்த்தால், அதற்கு ஒரு கதை கட்டாமல் தூக்கம் வராது.

நடைமுறை தவறியதைக் குறிக்கும் தாளுக்கு எங்கள் தொழிலில் டீவியேஷன் நோட் என்று பேர். அதில் என் கையால் எழுதினேன்: 'இந்த வாலண்டியர் ஒரிஜினல் மாத்திரையை விழுங்கவில்லை என்று தெரிகிறது. நர்ஸ் வாய்ச் சோதனையைச் சரியாகச் செய்யவில்லை.'

வரதன் சார் ஸ்கேலை அந்த வரிக்கு அடியில் வைத்து ரொம்ப நேரம் நின்றார். "உறுதியாம்மா?" என்றார். "ஆமா சார்" என்றேன். வேறென்ன காரணம் இருக்க முடியும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாளே ஏழுமலை பேரை வாலண்டியர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கஸ்தூரியை வார்டிலிருந்து துணிமணி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். வருஷக் கடைசியில் அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுப்பார்களாம். எங்கள் தொழில் சின்ன ஊர் மாதிரி. வாய் பார்க்கத் தெரியாத நர்ஸ் என்று ஒரு தாளில் ஏறிவிட்டால் இங்கே வேறு எந்தக் கம்பெனியும் வார்டுக்குள் விடாது.

சில நாள் கழித்து அந்த அறைப் பக்கம் போனேன். கஸ்தூரி போர்வைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்தவில்லை. எண்ணி முடித்துவிட்டுத்தான் கேட்டார். "மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? நான் சரியா பாக்கலன்னு உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது? நீங்க அங்க இல்லியே."

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் "டேட்டாவுல தெரியுது" என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். படியேறும்போது காது ரெண்டும் சுட்டது.

அன்றைக்கு முழுக்க மற்றவர்களின் கோடுகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதற்கு முன் அவற்றை நான் பார்க்கவே இல்லை, ஏழுமலையையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு மருந்து இரண்டு மணி நேரத்தில் எழுந்திருக்கிறது, இன்னொருவருக்கு ஆறு மணி நேரம் கழித்து. ஒருவருக்கு உச்சி உயரம், ஒருவருக்குக் குட்டை. அந்த மருந்தே அப்படித்தானோ? ஒருவருக்குள்ளேயே நாளுக்கு நாள் முப்பது சதவீதத்துக்கு மேல் ஆடுகிற மருந்துகளைத் தனி இனமாக வைத்திருக்கிறோம். இது அந்த இனமோ? தெரியாது. ஏனென்றால், நான் ஒவ்வொருவருக்கும் ஒரிஜினலை ஒரே ஒரு தடவைதான் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை பார்த்துவிட்டு, இவன் என்றைக்கும் இப்படித்தானா, அன்றைக்கு மட்டும் இப்படியா என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் நான் சொல்லியிருந்தேன். கையெழுத்தும் போட்டிருந்தேன். ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன்.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் மறுபடி செய்யச் சொன்னார்கள். அதே டிசைன், ஆட்களை மட்டும் ரெட்டிப்பாக்குங்கள் என்றார்கள். அதுவும் தப்பில்லை. ஆட்கள் கூடினால் சந்தேக அகலம் குறையும், பாஸ் ஆகிவிடலாம். ஆனால் ஏழுமலைக்கு அன்று என்ன ஆயிற்று என்பது கடைசி வரை தெரியாது. கஸ்தூரி போர்வை எண்ணிக்கொண்டே இருப்பார்.

நான் நாலு தடவை டிசைன் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரிஜினல் இரண்டு தடவை, புதிது இரண்டு தடவை, மாற்றி மாற்றி. இதில் ஒரிஜினல் தன்னோடு தானே எவ்வளவு முரண்படுகிறது என்று அளந்துவிடலாம். அது நிஜமாகவே அதிகம் ஆடுகிறது என்று காட்டினால், எல்லையைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. ஆட்களும் குறைவாகப் போதும். கஷ்டம் என்னவென்றால், நாலு தடவையும் அதே ஆட்கள் வர வேண்டும். நடுவில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மச்சினி கல்யாணம் என்று உதிர்ந்துகொண்டே போவார்கள். ஊசி குத்துவதும் ரெட்டிப்பு.

வரதன் சார் ஜன்னலோரம் நின்று என் தாளைப் படித்தார். புத்தகத்தை மூடி வைப்பது போல ஸ்கேலை மேஜையில் வைத்தார். "மல்லிகாங்க, இந்த டிசைன் மருந்துக்குங்களா, நர்ஸுக்குங்களா?"

மூன்று 'ங்க'. "ரெண்டுக்கும் சார். நான் தெரியாம எழுதிட்டேன். தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "மருந்துக்கு எடுத்தாலும் இதான் சரியான டிசைன். பேப்பர்ல மருந்துக் காரணத்தை மட்டும் எழுது" என்றார். பிறகு, "உறுதியான்னு கேட்டதோட நானும் நிறுத்திட்டேன். எப்படித் தெரியும்னு கேட்டிருக்கணும்" என்றார். ஏழுமலை பேரை எடுத்ததற்கு ஆதாரம் இல்லை, மற்றவர்களைப் போல அவரும் விருப்பப்பட்டால் வரலாம் என்று ஒரு உத்தரவும் போட்டார். "வரச் சொல்லாதே. வரலாம்னு மட்டும் சொல்லு. வாலண்டியரைக் கெஞ்சவும் கூடாது, மிரட்டவும் கூடாது."

ஏழுமலை அம்பத்தூர் ஓ.டி.யில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாலண்டியர் பிரிவு ஆளோடு மேனாம்பேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் துணியை உதறினார்.

"இன்னா மேடம், திரும்ப எதுக்கு வந்துகீறீங்க? துப்பிட்டான்னு எழுதிட்டீங்களாமே. நான் இன்னா மாத்திரைக்குப் பயந்தவனா?"

"நான்தாங்க எழுதினேன். தப்பா எழுதியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எழுதியிருக்கலாமா? அடக் கடவுளே! தப்பா எழுதிட்டேன்னு சொல்ல வாய் வருதா பாரு." அவர் சிரித்தாரா திட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "மேடம், வயிறு இன்னா மிஷினா? நேத்து மாரியே இன்னிக்கும் இருக்கணும்னா எப்டி? ஒரு நாளு நாலு பரோட்டா துன்னாலும் பசிக்குது, ஒரு நாளு ஒரு இட்லி அப்டியே கல்லு மாரி ஒக்காந்துகினு கீது."

நான் ஒரு நாள் முழுக்கத் தாள்களைப் பரப்பிக் கண்டுபிடித்ததை அவர் ஆட்டோ துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். புது டிசைனைச் சொன்னோம். வரலாம், வராமலும் இருக்கலாம் என்றோம்.

"வர்றேன். ஆனா அந்தக் கஸ்தூரி அக்காதான் வாய் பாக்கணும். வேற யார்னா பாத்தா நான் வாயே தொறக்க மாட்டேன். அந்தக்கா பாக்குற மாரி பல்லு டாக்டர்கூட பாத்ததில்ல. அவங்களையா சரியா பாக்கலன்னு எழுதினீங்க?"

வரதன் சார் கஸ்தூரியை வார்டுக்கு வரவிட்டார், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு வாயையும் இரண்டாவது ஆளும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று யாரும் கேட்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். புள்ளியியல்காரிக்கு வார்டில் என்ன வேலை என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாலு காலைகளும் என் நினைவில் ஒரே காலையாகக் கலந்துவிட்டன. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம், பசித்த ஆட்களின் அமைதி, கடிகாரத்தின் டக் டக். கஸ்தூரி டார்ச் அடிப்பார், நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பேன். ஒரு மனிதனின் வாய்க்குள் அவ்வளவு இடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சிவப்பு, ஈரம், நிழல். தாளில் 'வாய்ச் சோதனை' என்ற ஒரு கட்டத்தில் டிக் அடித்தே பழகியவள் நான். கஸ்தூரி என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாத்துட்டீங்களா மேடம்?" "பாத்துட்டேன்." அவ்வளவுதான்.

ஏழுமலைக்கு வந்த வரிசையில் ஒரிஜினல் இரண்டாவது தடவையும் நாலாவது தடவையும். நாலாவதுக்குள் சிலர் உதிர்ந்துவிட்டார்கள். அந்த வாரம் ஆடி ஞாயிறு, மேனாம்பேட்டு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள், அன்று சாயங்காலமே உள்ளே வந்து சேர வேண்டும். நாலு மணியிலிருந்து நான் கேட்டருகே நின்றேன். வரச் சொல்லிப் போன் பண்ணவும் கூடாது. ஆறு மணிக்கு நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஆட்டோவை நிறுத்தினார். "இன்னா மேடம், மூஞ்சி அப்டி கீது? அம்மனாண்ட சொல்லிட்டுதான் வந்தேன், நட" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒருவருடைய நாலு தடவை ரத்தத்தையும் லேபில் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். அதனால் கடைசி வரை யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த வாரங்களில் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் அரைகுறை.

எண்கள் வந்த அன்று முதலில் ஏழுமலையின் வரியைத்தான் எடுத்தேன். இரண்டாவது தடவை ஒரிஜினல்: நல்ல உயரமான மலை. நாலாவது தடவை ஒரிஜினல், அதே ஆள், அதே மாத்திரை, அதே கட்டில், இரண்டு பெண்கள் டார்ச் அடித்துப் பார்த்த அதே வாய்: தரையோடு தரை. மாத்திரை வயிற்றிலேயே உட்கார்ந்துவிட்டு, நாங்கள் ரத்தம் எடுத்து முடிக்கும் வரை குடலுக்குப் போகவே இல்லை போலிருக்கிறது. அவருக்கு மட்டும் இல்லை, இன்னும் சிலருக்கும் ஒரிஜினலின் முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரிஜினல் தன்னோடு தானே ஒத்துப்போகவில்லை. புது மாத்திரையும் அதே மாதிரிதான் ஆடியிருந்தது. விதி அனுமதித்த எல்லைக்குள் அடங்கியது, பாஸ். ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். நான் கையில் லட்டோடு உட்கார்ந்தே இருந்தேன்.

அடுத்த நாள் அந்தப் பழைய டீவியேஷன் நோட்டை எடுத்தேன். எங்கள் தொழிலில் எழுதியதைக் கிழிக்கவோ, வெள்ளை மை பூசவோ கூடாது. ஒரே ஒரு கோடு குறுக்கே போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம். எல்லோரும் காரணம் என்ற இடத்தில் 'எழுத்துப் பிழை' என்று போட்டுவிட்டுப் போவார்கள். நான் போடவில்லை. 'ஒரே ஒரு முறை கிடைத்த அளவை வைத்து, நேரில் பார்க்காமல் எழுதியது. நர்ஸ் மீது பிழை இல்லை' என்று எழுதினேன். வரதன் சார் ஸ்கேலை வைத்துப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாள் ஆவண அறையை விட்டு வெளியே போகக் கூடாது. கஸ்தூரியை மேலே வரச் சொன்னேன். நான் அவரைப் பற்றி எழுதியதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் படித்தார். விரலை வைத்து, கோட்டுக்கு அடியில் இருந்ததை இரண்டு தடவை படித்தார். அப்புறம்தான் பக்கத்தில் இருந்த காரணத்தைப் படித்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க கஸ்தூரி" என்றேன்.

அவர் தாளை நேராக வைத்துவிட்டுப் பேசினார். "நீங்க எழுதினது கூட பரவால்ல மேடம். இத்தினி மாசத்துல நானே நம்பிட்டேன். சரியா பாக்கலியோ, பாக்கலியோன்னு. எங்க ஊட்டுக்காரரு சுகர் மாத்திரை போடுவாரு. தெனம் அவர வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சிப் பாத்துகினு இருந்தேன். நாக்கத் தூக்குங்க, கன்னத்தக் காட்டுங்கன்னு. அவரு மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் சிரிக்கல, பேசாம தொறந்து காட்டுவாரு."

கஸ்தூரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னிக்கி அவரே போட்டுக்கட்டும். நான் பாக்கப் போறதில்ல."